காலி இடம் எவ்வளவு என்று ஒரு நிரல் கேட்கும்போது

சில ஆண்டுகளுக்கு முன், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மளிகைக் கடைக்கு விற்பனைக் கணக்கு எழுதும் நிரல் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தேன். இரவு கடை சாத்தும் நேரத்தில், யார் யார் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு முழுவதையும் ஒரே கோப்பில் எழுதி வைப்பது அதன் வேலை. எழுதுவதற்கு முன் வட்டில் காலி இடம் இருக்கிறதா என்று பார்க்கும் வரியையும் அதில் சேர்த்திருந்தேன். ஒரு நாள் காலை கடைக்காரர் அழைத்து, "தம்பி, கணக்கைத் தொறந்தா ஒண்ணுமே இல்ல, வெறும் வெள்ளையா இருக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். கோப்பு அதே பெயரில் அதே இடத்தில் இருந்தது; அதன் அளவு பூச்சியம் பைட்.

அதே கணினியில் கண்காணிப்புக் கேமராவின் பதிவும் ஓடிக்கொண்டிருந்தது. என் நிரல் காலி இடத்தைப் பார்த்த நொடிக்கும் எழுதத் தொடங்கிய நொடிக்கும் இடையில், அந்தப் பதிவு மிச்சமிருந்த இடத்தை நிரப்பிவிட்டிருந்தது. மூன்று மாதக் கடன் கணக்கை அவர் பழைய பில் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு கையால் திரும்ப எழுதினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பெயர்களைப் படித்துச் சொன்னேன்.

"எழுதுவதற்கு முன் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடு, போதும்" என்ற அறிவுரையை நிரல் எழுதக் கற்றுக்கொள்பவர்களிடம் பலரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் போவதால் பிறருடைய உழைப்பு அழிகிறது என்பதை நேரில் பார்த்தவன் என்பதால், இதைத் தொடக்கத்திலிருந்து விளக்க விரும்புகிறேன்.

ஜன்னல் வழியே தெரியும் இருக்கை

மாலை ஆறு மணிக்குத் திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டி வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே நின்றபடி ஜன்னல் வழியே பார்த்தால் நடுவில் ஒரு இருக்கை காலியாகத் தெரிகிறது. கூட்டத்தில் முண்டியடித்துப் படியேறி உள்ளே போவதற்குள் அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் பார்த்தது பொய்யில்லை. பார்த்த நேரத்தில் அந்த இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்ததனால் அது உங்களுடையதாகிவிடவில்லை.

இது தெரிந்தவர்கள் ஜன்னல் வழியே ஒரு துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, பிறகு நிதானமாக ஏறுகிறார்கள். பார்ப்பதும் பிடிப்பதும் வேறு வேறு செயல்கள் என்பது நம் ஊரில் பேருந்து ஏறும் சிறுவனுக்கும் தெரியும். காலி இடத்தைக் கேட்கும் நிரல் ஜன்னல் வழியே பார்க்கிறது, அவ்வளவுதான்.

இந்த வண்டியிலேயே இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. நடத்துநரின் இருக்கை காலியாக இருந்தாலும் அது பயணிக்கு இல்லை. இடம் நிறைய இருக்கிறதே என்று ஓடிப்போய் ஏறிய வண்டி சிதம்பரம் போவதாக இருந்தால், எத்தனை இருக்கை காலியாக இருந்தும் பயனில்லை. வட்டு விஷயத்திலும் இவை இரண்டும் அப்படியே வரும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது

பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு முந்திரிக் கிடங்கை நினைத்துக்கொள்ளுங்கள். தரை முழுவதும் சம அளவுக் கட்டங்களாகக் கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் ஒருவருடைய சரக்குதான் வைக்கலாம். வாசலில் கணக்குப்பிள்ளை பேரேட்டுடன் உட்கார்ந்திருக்கிறார். சரக்கு வந்தால் எந்தெந்தக் கட்டம் யாருக்கு என்று எழுதுகிறார், போனால் அடிக்கிறார், காலிக் கட்டங்களின் எண்ணிக்கையை மேல் ஓரத்தில் அவ்வப்போது திருத்தி வைக்கிறார். "எவ்வளவு இடம் காலி?" என்று கேட்டால் அவர் எழுந்து போய்க் கிடங்கைச் சுற்றிப் பார்ப்பதில்லை, மேல் ஓரத்தில் உள்ள எண்ணைப் படித்துச் சொல்கிறார்.

வட்டில் அந்தக் கணக்குப்பிள்ளையின் வேலையைச் செய்வதற்குக் கோப்பு முறைமை என்று பெயர்: எந்தக் கோப்பு வட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கும் ஏற்பாடு அது. கிடங்கின் கட்டத்துக்கு இணையானது பிளாக்; கோப்பு முறைமை இடம் ஒதுக்கும் மிகச் சிறிய அலகு. இன்றைய கணினிகளில் ஒரு பிளாக் பெரும்பாலும் 4096 பைட். ஒரே ஒரு எழுத்து உள்ள கோப்பும் பொதுவாக ஒரு முழு பிளாக்கைப் பிடித்துக்கொள்ளும், கால் மூட்டைப் பருப்பு ஒரு முழுக் கட்டத்தை அடைத்துக்கொள்வதைப் போல.

ஒரு டெராபைட் வட்டிலும் காலி இடத்துக்கான விடை கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடுவதற்குக் காரணம் இந்தப் பேரேடுதான். கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து அளவுகளைக் கூட்டிப் பார்ப்பது வேறு வேலை. அதற்கு நிமிடக் கணக்கில் ஆகலாம். இரண்டு விடைகளும் பொருந்தாமல் போவதும் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நீங்கள் நீக்கினால், பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். இடம் மட்டும் அந்த நிரல் கோப்பை மூடும் வரை திரும்பக் கிடைக்காது. 10 ஜிபி பதிவுக் கோப்பை அழித்துவிட்டு, காலி இடம் ஒரு பைட்கூடக் கூடவில்லையே என்று திகைப்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அந்த நிரலை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் இடம் வந்துவிடும்.

இதுவரை பார்த்ததில் நினைவில் நிற்க வேண்டியது இது: காலி இடம் என்பது கோப்பு முறைமையின் பேரேட்டில், கேட்ட நொடியில் எழுதியிருந்த எண்.

ஒரு கேள்விக்கு மூன்று விடைகள்

"எவ்வளவு காலி?" என்று கேட்டால் இயங்குதளம் ஒரு எண்ணைத் தருவதில்லை. மொத்த அளவு, யாருக்கும் ஒதுக்காத அளவு, கேட்பவருக்குக் கிடைக்கும் அளவு என்று மூன்றைத் தருகிறது. தொடக்கத்தில் பலரும் தடுமாறுவது கடைசி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில். நடத்துநர் இருக்கையைச் சேர்த்து எண்ணினால் வருவது இரண்டாவது. அதை விட்டுவிட்டு எண்ணினால் வருவது மூன்றாவது.

லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, உருவாக்கும்போது வேறு எதுவும் சொல்லாவிட்டால், பிளாக்குகளில் 5 சதவீதத்தைக் கணினி நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைக்கிறது. சாதாரணப் பயனர் ஒருவரின் நிரல் வட்டை நிரப்பிவிட்டாலும், நிர்வாகி உள்ளே வந்து சரிசெய்ய இடம் இருக்க வேண்டும் என்பது இதன் நோக்கம்.

எண்களை வைத்துப் பார்க்கலாம். 100 ஜிபி உள்ள ஒரு பகுதியில் 40 ஜிபி நிரம்பியிருக்கிறது. ஒதுக்காதது 60 ஜிபி. சாதாரணப் பயனருக்குக் கிடைப்பது 55 ஜிபி. பைத்தான் மொழியில் ஷுட்டில் தொகுதியின் டிஸ்க் யூசேஜ் என்ற செயற்கூற்றைக் (ஃபங்ஷன்) கேட்டால் மொத்தம் 100, பயன்பட்டது 40, காலி 55 என்று சொல்லும். 40-ஐயும் 55-ஐயும் கூட்டினால் 95 தானே வருகிறது, மீதி 5 எங்கே என்று என்னிடம் கேட்காத மாணவர் குறைவு. பைத்தான் தவறு செய்யவில்லை. "காலி" என்ற பெயரில் அது மூன்றாவது எண்ணை, அதாவது உங்களுக்குக் கிடைப்பதைத் தருகிறது.

ஜாவாவில் கெட் ஃப்ரீ ஸ்பேஸ் இரண்டாவது எண்ணையும், கெட் யூசபிள் ஸ்பேஸ் மூன்றாவதையும் தருகின்றன. சி பிளஸ் பிளஸ் மொழியின் 2017-ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த ஃபைல்சிஸ்டம் நூலகத்தில் ஃப்ரீ என்பதும் அவெய்லபிள் என்பதும் இதே இணைதான். விண்டோஸில் கெட் டிஸ்க் ஃப்ரீ ஸ்பேஸ் எக்ஸ் என்ற செயற்கூறு மூன்றையும் ஒன்றாகத் தரும். அங்கே, ஒரு பயனர் இவ்வளவுதான் பயன்படுத்தலாம் என்று நிர்வாகி வகுத்த உச்சவரம்பான கோட்டா இருந்தால், அதைக் கழித்த எண்ணே கேட்பவருக்குக் கிடைக்கும் அளவாக வரும். எந்த மொழியில் எழுதினாலும், உங்கள் நிரலுக்கு வேண்டியது பெரும்பாலும் மூன்றாவது எண். இரண்டாவதை எடுத்துக்கொண்டு முடிவு செய்தால், நிரல் நடத்துநர் இருக்கையை நம்பி வண்டியில் ஏறுகிறது.

பெருக்கும்போது தொலையும் இடம்

சி மொழியில் லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களைக் கேட்டால் விடை பைட்டில் வராது. பிளாக் எண்ணிக்கையும் பிளாக் அளவும் தனித்தனியாக வரும், பெருக்கிக்கொள்வது நம் பொறுப்பு. இங்கே ஒரு பழைய பள்ளம் இருக்கிறது.

32 பிட் முழு எண்ணில், அதாவது 32 இருமை இலக்கங்களில் எழுதும் எண்ணில், கழித்தல் குறி இல்லாமல் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 4,29,49,67,295. இப்போது வட்டில் 10,48,576 பிளாக்குகள் காலி, ஒவ்வொன்றும் 4096 பைட் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 4,29,49,67,296 வர வேண்டும். அது உச்ச மதிப்பைவிட ஒன்றே ஒன்று அதிகம். 32 பிட் மாறியில் பெருக்கினால், ஸ்கூட்டரில் கிலோமீட்டர் காட்டும் எண்கள் எல்லா ஒன்பதும் முடிந்து பூச்சியத்துக்குத் திரும்புவதுபோல, விடை பூச்சியமாக வரும். நான்கு ஜிபிக்கு மேல் காலியாக இருக்கும் வட்டை, துளியும் இடமில்லாத வட்டு என்று நிரல் சொல்லிவிடும். பெருக்குவதற்கு முன்பே இரண்டு எண்களையும் 64 பிட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். பெருக்கிய பிறகு மாற்றினால், தொலைந்தது தொலைந்ததுதான்.

அலகுகளைப் பற்றி ஒரு சொல். பென்டிரைவ் அட்டையில் 64 ஜிபி என்று அச்சிடும்போது ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட். விண்டோஸ் அதே சொல்லுக்கு 1,07,37,41,824 பைட் என்று கணக்கிடுவதால் அந்த பென்டிரைவ் 59.6 ஜிபி அளவில்தான் தெரியும். பென்டிரைவ் விற்றவர் யாரையும் ஏமாற்றவில்லை. நிரலுக்குள் எல்லாக் கணக்கையும் பைட்டிலேயே வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது மட்டும் ஜிபிக்கு மாற்றினால் இந்தக் குழப்பம் வராது.

இடம் இருந்தும் எழுத முடியாதபோது

புதுச்சேரியில் புகைப்பட நிலையம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், திருமணக் காணொளியை பென்டிரைவில் ஏற்றித் தரும்போது ஒருமுறை என்னை அழைத்தார். காணொளி ஏறத்தாழ 5 ஜிபி. பென்டிரைவில் 20 ஜிபிக்கு மேல் காலி. ஆனாலும் ஏற்ற முடியவில்லை, பெண் வீட்டார் வாசலில் காத்திருக்கிறார்கள். பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறைமையில் இருந்தது. அதில் ஒரு கோப்பின் அளவைக் குறித்து வைக்க 32 பிட் மட்டுமே ஒதுக்கியிருப்பதால், ஒரு தனிக் கோப்பு 4,29,49,67,295 பைட்டுக்கு மேல் போக முடியாது. முன்பு பார்த்த அதே எண்தான் இங்கேயும் குறுக்கே நிற்கிறது. காணொளியை இரண்டு கோப்புகளாகப் பிரித்து ஏற்றிக் கொடுத்தார். காலி இடத்தை மட்டும் பார்க்கும் நிரல் இந்தத் தடையை முன்கூட்டியே அறியாது.

இன்னொரு தடை, பேரேட்டின் பக்கங்கள் தீர்ந்துபோவது. யூனிக்ஸ் வகைக் கோப்பு முறைமைகளில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற பதிவு ஒன்று வேண்டும். அந்தக் கோப்பின் அளவு, உரிமையாளர், பிளாக்குகள் இருக்கும் இடம் ஆகியவை அதில் இருக்கும். எக்ஸ்ட்4 முறைமையில் ஐநோடுகளின் எண்ணிக்கை, வட்டைத் தயார் செய்யும் அன்றே முடிவாகிவிடுகிறது. வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒன்று. சிறு சிறு படங்களாக இலட்சக்கணக்கில் ஒரு நிரல் எழுதிக்கொண்டே போனால், கட்டங்கள் காலியாகக் கிடக்கும்போதே பேரேட்டில் எழுதப் பக்கம் இருக்காது. அப்போதும் "இடமில்லை" என்ற அதே பிழைதான் வரும். பல ஜிபி காலியாகத் தெரியும் வட்டு இப்படிச் சொன்னால் ஐநோடு எண்ணிக்கையைப் பாருங்கள். லினக்ஸில் டிஎஃப் கட்டளையுடன் ஹைஃபனும் ஐ என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால் காட்டும்.

சிதம்பரம் வண்டியை இன்னும் சொல்லவில்லை. காலி இடத்தைக் கேட்கும் செயற்கூறு எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு பாதையைக் கொடுக்க வேண்டும். அந்தப் பாதை எந்த வட்டில் இருக்கிறதோ அதைப் பற்றித்தான் விடை வரும். நிரல் நிறுவப்பட்ட கோப்புறையைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, பென்டிரைவில் எழுதுவது மிகவும் பரவலான தவறு. தற்காலிகக் கோப்புகளை வேறொரு சிறிய வட்டில் வைக்கும் கணினிகளும் இருக்கின்றன. இறுதிக் கோப்பு எந்தக் கோப்புறைக்குப் போகிறதோ, அந்தக் கோப்புறையின் பாதையையே கொடுத்துக் கேட்க வேண்டும்.

சுருக்கமாக: சரியான வட்டில், சரியான எண்ணை, சரியாகப் பெருக்கிக் கேட்டாலும், கோப்பு அளவின் உச்சவரம்பும் ஐநோடு பற்றாக்குறையும் அந்த எண்ணில் தெரியாது.

துண்டு போடுவது எப்படி

இனி மளிகைக் கடைக்குத் திரும்புகிறேன். என் நிரல் செய்த தவறுகள் மூன்று. இடம் பார்த்தது அவற்றில் சேராது.

முதலாவது, பழைய கோப்பை எழுதும் முறையில் நேரடியாகத் திறந்தது. பெரும்பாலான மொழிகளில் அப்படித் திறந்த நொடியிலேயே உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், புதியதை எழுதுவதற்கு முன்பே. அழிந்ததால் விடுபட்ட சில பிளாக்குகளும் கேமராப் பதிவுக்குப் போய்விட்டன. இதற்கு மாற்று, அதே கோப்புறையில் வேறு பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, எழுதியது வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு, கடைசியில் அதற்குப் பழைய பெயரைச் சூட்டுவது. ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றுவது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் பிரிக்க முடியாத ஒற்றைச் செயல்: மற்றவர்களுக்குப் பழையது முழுதாகத் தெரியும், அல்லது புதியது முழுதாகத் தெரியும். நடுவில் இடம் தீர்ந்தால் தற்காலிகக் கோப்பு போகும். நேற்றைய கணக்கு அப்படியே இருக்கும். இந்த முறையில் சிறிது நேரம் பழையதும் புதியதும் சேர்ந்தே வட்டில் இருக்கும் என்பதால், அதற்கான இடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, எழுதும் கட்டளை என்ன விடை தந்தது என்று பார்க்காதது. இடம் தீர்ந்தால் இயங்குதளம் மௌனமாக இருப்பதில்லை. லினக்ஸில் 28 என்ற எண்ணுடைய பிழையாக, "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்ற வாசகத்துடன் தெளிவாகச் சொல்கிறது. மேலும், எழுதும் கட்டளை வெற்றி என்று சொன்ன பிறகும் தரவு நிரலின் நினைவகத்திலேயே தங்கியிருக்கலாம், ஏனெனில் சிறு சிறு துணுக்குகளாக எழுதுவதைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும் இடைத்தேக்கம் ஒன்றைப் பெரும்பாலான மொழிகள் வைத்திருக்கின்றன. அப்படியானால் பிழை வெளிப்படுவது கோப்பை மூடும்போதுதான். மூடும் கட்டளையின் விடையையும் பார்த்த பிறகே "சேமிக்கப்பட்டது" என்று திரையில் காட்ட வேண்டும்.

மூன்றாவது, இடத்தைப் பார்த்தேனே தவிர, பிடிக்கவில்லை. பாசிக்ஸ் ஃபாலொகேட் என்ற செயற்கூறு யூனிக்ஸ் உலகின் துண்டு: இவ்வளவு பைட் இந்தக் கோப்புக்கு என்று அது முன்கூட்டியே ஒதுக்கி வாங்குகிறது. கிடைத்துவிட்டால், அந்த அளவுக்குள் பின்னர் எழுதுவது இடப்பற்றாக்குறையால் தோற்கக்கூடாது என்பது அதன் வரையறை. கிடைக்காவிட்டால், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டில் 8.0 பதிப்பு முதல் அலொகேட் பைட்ஸ் என்ற பெயரில் இதே ஏற்பாடு இருக்கிறது.

அப்படியானால் காலி இடத்தைப் பார்ப்பதே வீணா என்று கேட்கலாம். வீணில்லை. 8 ஜிபி காணொளியை நகலெடுக்கச் சொல்பவரின் வட்டில் 3 ஜிபிதான் இருக்கிறது என்றால், அரை மணி நேரம் காக்க வைத்துவிட்டுத் தோல்வி என்று சொல்வதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை. "போதாது" என்று அந்த எண் சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். "போதும்" என்று சொல்வதைத்தான் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வட்டை நிரப்பாமல் சோதித்துப் பார்க்க

லினக்ஸில் டெவ் கோப்புறைக்குள் ஃபுல் என்ற பெயரில் ஒரு சிறப்புக் கோப்பு இருக்கிறது. அதில் எதை எழுதினாலும் வட்டு நிரம்பிவிட்டது என்ற அதே 28-ஆம் பிழையே வரும். ஒரே ஒரு வரியை அதில் எழுதும் நான்கு வரிச் சி நிரலை எழுதிப் பாருங்கள்: அச்சிடும் கட்டளை பிழையில்லை என்று சொல்லும், மூடும் கட்டளை தோற்கும். இடைத்தேக்கம் என்று மேலே சொன்னதைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பெயர் மாற்றும் முறைக்கு அந்தக் கோப்பு ஒத்துவராது. அதற்கு, நினைவகத்தில் இயங்கும் டெம்ப்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையை 1 எம்பி அளவில் ஒரு காலிக் கோப்புறையில் ஏற்றிக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு சிறிய கணக்குக் கோப்பை வைத்துவிட்டு, மீதி இடத்தை ஏதாவது ஒரு பெரிய படத்தை நகலெடுத்து நிரப்புங்கள். பிறகு உங்கள் நிரலைச் சேமிக்கச் சொல்லுங்கள். மளிகைக் கடை நிரலைத் திருத்திய பிறகு நான் இதைத்தான் செய்தேன். திரையில் "இடமில்லை, பழைய கணக்கு பத்திரமாக இருக்கிறது" என்ற வரி வந்தது. கோப்பைத் திறந்து, கடைசிப் பெயர் வரை உள்ளே இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்காரரை அழைத்தேன்.